விதையிலிருந்து வறட்சி தாங்கும் பழமரங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நோன்பு மாதத்தில் உண்ட பேரீச்சம்பழக் கொட்டைகள் முளைத்துள்ளன. காய்க்குமா? (ஈசூன்)

செடி வளரும், பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். பேரீச்சையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. விதையில் வருவதில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே அமையும். பழுக்கும் காலத்தில் மழையற்ற வெயில் கேட்கும் மரத்துக்கு, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூர் ஏற்ற இடமன்று.

மூன்று மாதம் உலர்த்தி வைத்த நாவல் கொட்டைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லையே? (தோ பாயோ)

ஈரம் போனதுமே அவற்றின் உயிரும் போய்விட்டது. நாவல், மா ஆகியவற்றின் கொட்டைகளைப் பழம் தின்ற ஓரிரு நாளில் மண்ணில் இட வேண்டும். புளி, சீத்தா போன்றவற்றின் விதைகள் உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

விதை போட்டேன், முளைக்கவில்லை. என்ன செய்வது? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த விதை, எப்போது விதைத்தீர்கள் என்ற இரண்டையும் எழுதாமல் பதில் கேட்பது முறையன்று. இலந்தையானால் ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் விதையுங்கள். சீத்தாவானால் ஒன்றரை மாதம் பொறுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் நான்கு வாரம் ஊருக்குச் சென்று திரும்பியபோது, தாழ்வாரத்தில் இருந்த புளியங்கன்றுகள் அனைத்தும் கருகியிருந்தன. புளி வறட்சி தாங்கும் மரமல்லவா? (ஜூரோங் வெஸ்ட்)

ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதையே எழுதுகிறார். ஆண்டுதோறும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வறட்சியைத் தாங்குவது மரத்தின் பெயரன்று, ஆழத்தில் இறங்கிய அதன் ஆணிவேர். சாலையோரத்தில் நிற்கும் புளியமரம் மேல்மண் வெடித்துக் கிடக்கும் கோடையிலும் அடிமண்ணின் ஈரத்தை எட்டிக் குடிக்கிறது. நீங்கள் வளர்ப்பதோ ஒரு சாண் உயரத் தொட்டியில், இறங்க இடமின்றி நிற்கும் குழந்தை. வெளியே பருவமழை கொட்டினாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தின் உட்பக்கத்துத் தொட்டிக்கு அதில் ஒரு சொட்டும் வந்து சேராது. சென்ற மாதம், வாடிப்போன ஒரு கன்றைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தேன்: அரையடிச் செடிக்குக் கீழே, வேர் தொட்டியின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிக் கயிறு போலக் கிடந்தது. அப்படிச் சுருண்ட வேர், பின்னர் நிலத்தில் நட்டாலும் எளிதில் நேராகாது. ஆகவே புளி, நாவல், இலந்தை மூன்றையும், அடியில் துளையிட்ட ஒன்றரை லிட்டர் நெகிழிப் போத்தல் போன்ற உயரமான கலத்தில் விதைத்து, வேர் அடியைத் தொடுமுன் ஆழமான தொட்டிக்கோ சமூகத் தோட்டத்துக்கோ மாற்றிவிடுங்கள். முதல் ஆண்டு முழுவதும், விரல் நுழைத்துப் பார்த்து மேல்மண் உலர்ந்ததும் நீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போவதானால் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தட்டில் நீரை நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் பெருகும்.

தேக்கா சந்தையில் வாங்கிய மாதுளையின் விதையில் வரும் செடி, அதே சுவையில் காய்க்குமா? (அங் மோ கியோ)

உறுதி சொல்ல இயலாது. அதே சுவை வேண்டுமானால், நன்றாகக் காய்க்கும் செடியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி வாங்கி நடுங்கள். விதைதான் வேண்டுமென்றால் சதையை முழுவதும் கழுவி நீக்கிய பின் விதைத்து, நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடத்தில் வையுங்கள். இங்கும் அதே எச்சரிக்கைதான்: தொட்டிக்கடியில் தட்டு வேண்டாம்.