ஆரஞ்சுப் பிரதி உங்கள் கையில் இருக்கிறதா? கழிவு ஏற்றும் லாரி உரிமையாளருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறேன். கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து பெயிண்ட் கசடை மதுக்கரைப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கும், பேரல்களில் பழைய எண்ணெயைக் கோயம்புத்தூரில் அதைச் சுத்திகரிப்பவருக்கும் ஏற்றிச் செல்கிறேன். திரும்பும்போது கிடைத்த லோடை ஏற்றி வருவேன். போன மாதம் வாளையாரில் வண்டியை நிறுத்தி மேனிஃபெஸ்ட் கேட்டார்கள். என்னிடம் டெலிவரி சலான் மட்டுமே இருந்தது. தொழிற்சாலையில் கேட்டால், ‘அது எங்கள் வேலை, நீங்கள் வண்டி ஓட்டினால் போதும்’ என்கிறார்கள். நான் என்னென்ன காகிதங்கள் வைத்திருக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள், யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்?

பதில்: தொழிற்சாலையில் சொன்னது பாதி சரி. மேனிஃபெஸ்ட், அதாவது கழிவு யாரிடமிருந்து யார் வழியாக யாருக்குப் போகிறது என்பதைக் காட்டும் ஆவணம், அதைத் தயாரிப்பது அனுப்புபவரின் கடமைதான். மறுபாதியை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அபாயகரமான கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளில் 19ஆம் விதி, கையொப்பமிட்ட மேனிஃபெஸ்ட் பிரதிகள் இல்லாமல் கொடுக்கப்படும் கழிவை எந்தப் போக்குவரத்தாளரும் ஏற்கக் கூடாது என்கிறது. ஆகவே சலானை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டி கிளம்பினால், விதிமீறல் வாளையாரில் அல்ல, தொழிற்சாலை வாசலிலேயே நடந்துவிடுகிறது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் ரூபாய் வரை போகலாம். இரண்டு லாரி வைத்திருப்பவருக்கு அது தொழிலையே முடித்துவிடும் தொகை.

மேனிஃபெஸ்ட் என்பது 10ஆம் படிவம். ஏழு பிரதிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஏழிலும் அனுப்புபவர் முதலில் கையொப்பமிட வேண்டும். வெள்ளைப் பிரதியை அவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவார்; மஞ்சளில் உங்கள் கையொப்பத்தைப் பெற்றுத் தன்னிடம் வைத்துக்கொள்வார். மீதி ஐந்தும் வண்டியில் வரும். கழிவைப் பெறும் ஆலை இளஞ்சிவப்பைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மற்ற நான்கிலும் கையொப்பமிட்டு, ஆரஞ்சை உங்களிடம் தரும். பச்சை அந்த ஆலையின் மாநில வாரியத்துக்கு, அதாவது உங்கள் விஷயத்தில் தமிழ்நாட்டு வாரியத்துக்குப் போகும். நீலம் அனுப்பியவருக்குத் திரும்பும். சாம்பல் நிறப் பிரதி, அனுப்புபவர் வேறு மாநிலத்தில் இருந்தால் மட்டும் அவருடைய மாநில வாரியத்துக்குப் போவது. கஞ்சிக்கோட்டிலிருந்து கேரளத்துக்குள்ளேயே அம்பலமேட்டுக்குப் போகும் லோடுக்கு அது தேவைப்படாது; வாளையாரைத் தாண்டும் உங்கள் ஒவ்வொரு லோடுக்கும் தேவை. இப்போது பல ஆலைகள் இதை இணையவழியில் எடுக்கின்றன. அப்படியானால் அச்சுப்பிரதியையும், பெற்றவரின் ஒப்புகையையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஏழில் உங்களுக்கென்று இருப்பது ஆரஞ்சு ஒன்றுதான். நீங்கள் ஏற்றிய சரக்கை வழியில் எங்கும் கொட்டவில்லை, உரிய இடத்தில் இறக்கினீர்கள் என்பதற்கு வேறு நல்ல சாட்சி கிடையாது. கேரளத்துக் கழிவு தமிழகக் கிராமங்களில் கொட்டப்படும் பிரச்சினை எவ்வளவு தீவிரமானது என்பதை எல்லையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரளம் லாரிகளில் திருப்பி எடுத்துச் செல்ல நேர்ந்தது. மருத்துவக் கழிவுக்கு விதிகள் வேறு. ஆனால் சாவடியில் நிற்பவருக்கும் ஊர்க்காரருக்கும் மூடிய லாரி எல்லாம் ஒன்றுதான். எங்கோ ஓர் ஓடைக்கரையில் கசடு கிடந்தால் முதலில் கைகாட்டப்படுவது உங்களைப் போன்றவர்களை. நேர்மையாக ஓட்டுகிறவர் அந்தப் பழியைச் சுமக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மஞ்சள் பிரதியில் கையொப்பமிடும் முன் உங்கள் ஓட்டுநர் படிவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் வாகனப் பதிவு எண். ஒரு வண்டி பழுதாகி மற்றதை அனுப்பும் நாளில் பழைய எண்ணே அச்சாகி வந்துவிடும். அடுத்து, பெறுபவருக்கு வாரியம் தந்த அங்கீகார எண். பிறகு கழிவின் விவரம்: திடமா, கசடா, திரவமா என்ற இடத்தில் உண்மை இருக்க வேண்டும், நீர் சொட்டும் கசடைத் திடம் என்று எழுதியிருந்தால் ஏற்றாதீர்கள். அளவும் கொள்கலன் எண்ணிக்கையும் முக்கியம். பேரல்களை ஓட்டுநரே தொட்டு எண்ணட்டும். கசடு லோடுக்கு, புறப்படும் இடத்து எடைமேடைச் சீட்டையும் இறக்கும் இடத்துச் சீட்டையும் ஆரஞ்சுப் பிரதியோடு பின் செய்து வையுங்கள். 9.40 டன் என்று எழுதிப் புறப்பட்ட லோடு 9.10 டன்னாக இறங்கினால், இடையில் 300 கிலோ எங்கே போனது என்ற கேள்வி வரும். எடைமேடை வேறுபாடா, வழியெல்லாம் நீர் ஒழுகியதா என்பதை அங்கேயே, பெறுபவர் கையொப்பமிடும்போதே, படிவத்தில் எழுத வைக்க வேண்டும். ஒழுகியிருந்தால் அது எடைக்கணக்கு விவகாரம் மட்டுமல்ல. சாலையோரத்து மண்ணிலும் கிணற்றிலும் அது சேரும்.

போக்குவரத்துக்குப் பொறுப்பு யார் என்பதும் மேனிஃபெஸ்டில் தெளிவாக இருக்க வேண்டும். வண்டியை ஏற்பாடு செய்வது அனுப்புபவரோ பெறுபவரோ, அவரே போக்குவரத்துக்கான அங்கீகாரத்தையும் பெற்றிருக்க வேண்டும் என்பது 18ஆம் விதி. அந்த அங்கீகாரத்தின் நகலை வாங்கி வண்டியில் வையுங்கள்.

எல்லையைத் தாண்டுவதற்கு என்ன தேவை என்பதில் பலரும் குழம்புகிறார்கள். கழிவு எதற்காகப் போகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. மறுசுழற்சிக்கோ, சிமெண்ட் சூளையில் எரிபொருளோடு சேர்த்துப் பயன்படுத்தவோ போனால், வண்டியில் ஏற்றும் முன் அனுப்புபவர் இரு மாநில வாரியங்களுக்கும் தகவல் தெரிவித்தால் போதும். உங்கள் இரண்டு லோடுகளும் இந்த வகை. அதே கசடு வேறு மாநிலத்தில் புதைக்கவோ எரித்து அழிக்கவோ போனால், இரு வாரியங்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். நாளைக்கே பெங்களூருக்கு ஒரு லோடு கிடைத்து, சேலம், ஓசூர் வழியாகப் போனால், தமிழ்நாடு இடைவழி மாநிலம். அதன் வாரியத்துக்கும் அனுப்புபவர் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். தகவல் தெரிவித்த கடிதத்தின் நகல் இல்லாமல் கிளம்பாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் கூட்டம் என்று வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகச் சுற்றிப் போவதையும் கழிவு லோடுக்கு விட்டுவிடுங்கள். காரணம் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? அங்கீகாரக் கடிதத்தில் ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால் அதுவே கட்டாயம். அது இல்லாவிட்டாலும் ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வையுங்கள் என்பேன். அங்கீகாரம் ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. புதுப்பிக்கும்போது பழைய கணக்கைப் பார்ப்பார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் அதற்கு மேலும் 60 நாள் வரை தரலாம். அந்தக் காலம் முழுக்க உங்கள் ஆரஞ்சுப் பிரதி உயிரோடு இருக்க வேண்டும். கோவை வெயிலும் பாலக்காட்டு மழையும் மாறிமாறிப் படும் வண்டிக் கேபினில் காகிதத்தை விட்டுவைக்காதீர்கள். இறக்கிய அன்றே படம் எடுத்து, மூலத்தை வீட்டிலோ அலுவலகத்திலோ கோப்பில் சேர்த்துவிட வேண்டும். கூடவே ஒரு தடித்த நோட்டு போடுங்கள்: தேதி, மேனிஃபெஸ்ட் எண், வண்டி, ஓட்டுநர், சரக்கு, இரு எடைகள், இறக்கிய நேரம். 3ஆம் படிவம் என்னும் பதிவேட்டை அனுப்புபவரும் பெறுபவரும் பராமரிக்கிறார்கள். உங்கள் நோட்டு அதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஜூன் 30க்குள் தர வேண்டிய ஆண்டுக் கணக்கு 4ஆம் படிவம். அதில் கழிவை உண்டாக்குபவருக்கு ஒரு பகுதி, அழிக்கும் நிலையத்துக்கு ஒரு பகுதி, மறுசுழற்சி செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் ஒரு பகுதி உண்டு. லாரிக்காரருக்கென்று தனிப் பகுதி கிடையாது. உங்கள் பெயரிலேயே வாரிய அங்கீகாரம் இருந்து, அதன் நிபந்தனையில் கணக்கு கேட்டிருந்தால் கட்டாயம் தர வேண்டும். பழைய எண்ணெயில் மட்டும் இன்னொரு கவனம்: பணிமனைகளில் நீங்களே வாங்கிச் சேர்த்து விற்கத் தொடங்கினால், சேகரிப்பு முகவராக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

விபத்து நேர்ந்தால் அறிக்கை தரும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. 22ஆம் விதிப்படி தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வாரியத்துக்கு உடனே தெரிவித்து, பிறகு 11ஆம் படிவத்தில் நடந்ததை வரிசையாக எழுதித் தர வேண்டும். மோட்டார் வாகன விதிகளின்படி ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். விபத்து தமிழ்நாட்டு மண்ணில் என்றால் இரு மாநில வாரியங்களுக்கும் சொல்லிவிடுங்கள். பேரல் உடைந்தால் மண்ணைப் போட வேண்டுமா, தண்ணீர் ஊற்றலாமா என்பது 9ஆம் படிவமான அவசரநிலை அட்டையில் இருக்கும். அனுப்புபவர் அதை உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும். ஓட்டுநருக்கு எந்த மொழி சரளமாகப் படிக்க வருமோ அந்த மொழியிலும் ஒரு பிரதி கேளுங்கள். பெட்டிக்குள் அல்ல, கேபினில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அபாயகரமான சரக்குக்கான பயிற்சி பெற்று, உரிமத்தில் அந்தக் குறிப்பு நடப்பில் உள்ளவரையே அனுப்புங்கள்.

திரும்பும் லோடு பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் திரும்பும் வண்டிக்குத் தேங்காயும் மாட்டுத்தீவனமும்தான் அதிகம் கிடைக்கும். பெயிண்ட் கசடில் ஈயமும் குரோமியமும் இருக்கக்கூடும். பலகை இடுக்கில் காய்ந்து ஒட்டிய தூள் தீவனச் சாக்கில் ஏறி, மாட்டுக்கும் அதன் பாலைக் குடிக்கும் குழந்தைக்கும் போகும். மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல், கழிவு வண்டி அதற்கே உரியதாக இருக்க வேண்டும், வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இரண்டில் ஒரு லாரியைக் கழிவுக்கென்றே ஒதுக்கி, வழிகாட்டுதல் சொல்லும் நீல வண்ணமும் நடுவில் வெள்ளைப் பட்டையும் பூசிவிடுங்கள். திரும்பும் வாடகை போகிறதென்றால் அதைத் தொழிற்சாலையிடம் விலையில் கேளுங்கள்.

இதுவரை மேனிஃபெஸ்ட் இல்லாமல் ஓடிய லோடுகளுக்கு என்ன செய்வது? பின்தேதியிட்டு ஏழு பிரதி தருகிறோம் என்று யாராவது சொன்னால் கையொப்பமிடாதீர்கள். விடுபட்ட காகிதத்தைவிடப் பொய்யான காகிதம் பெரிய குற்றம். சலான்கள், எடைச் சீட்டுகள், வாடகை வரவு, சுங்கச்சாவடிப் பதிவு எல்லாவற்றையும் லோடு வாரியாகச் சேர்த்து, சிமெண்ட் ஆலையிடமும் எண்ணெய் சுத்திகரிப்பவரிடமும் அந்தந்தத் தேதியில் சரக்கு வந்ததை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பதிவேட்டில் அந்த லோடுகள் இல்லையென்றால், அடுத்த லோடை ஏற்றும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.