தண்ணீர் ஊற்றியாயிற்று

அன்புள்ள ஐயா,

போன வாரம் எங்கள் கோயில் வகுப்பில் தூக்குத் தண்டனை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. மலேசியாவில் 2023-இல் தூக்கை எடுத்துவிட்டார்கள், இது தர்மத்துக்கு விரோதம், ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’ என்று, அதாவது கொடியவர்களை அரசன் கொன்று தண்டிக்கலாம் என்று, வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் பேசினார். குற்றத்தையும் தண்டனையையும் இந்து மதம் எப்படிப் பார்க்கிறது? சிறையில் நம் பிள்ளைகள் இத்தனை பேர் இருப்பது முன்வினைதானா?

இன்னொன்று. என் அண்ணன் மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் மூன்று வருடம் காஜாங் சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த மாதம் அப்பாவின் முதல் திதி. ஜெயிலுக்குப் போனவன் கையால் பிண்டம் வைத்தால் அப்பாவுக்குப் போய்ச் சேராது, தம்பி செய்யட்டும் என்கிறார் சித்தப்பா. ஒருவர் மூவாயிரம் வெள்ளிக்குப் பரிகார பூஜை சொல்லியிருக்கிறார். செய்துவிடலாமா?

செ., செந்தூல்

அன்புள்ள செ.,

முதலில் ஒரு திருத்தம். தூக்கை யாரும் முழுசாக எடுக்கவில்லை. 2023 ஜூலை 4 முதல் எடுத்தது ‘கட்டாய’ மரண தண்டனையை. இன்றைக்கும் நீதிபதி நினைத்தால் தூக்கு விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 வருடம் வரை சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம். முன்பு கொலைக் குற்றம் உறுதியானால் அவருக்கு வேறு வழியே கிடையாது. உங்கள் வகுப்பில் பேசியவர் சொன்னது செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். அதே அதிகாரத்தின் முதல் குறள் ‘ஓர்ந்து’ என்று தொடங்கி ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்று முடிகிறது. ஆராயாமல் தண்டிக்காதே என்கிறது. பத்துக் குறளில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு வந்து மேடையில் நிற்பது எனக்குப் பிடிக்காது.

தூக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் மரபுக்கு ஒரே குரல் இல்லை. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் சாவித்திரியின் கணவன் சத்தியவான் தன் தகப்பனோடு இதைத்தான் வாதாடுகிறான். ஒரு திருடனைக் கொன்றால் அவன் மனைவியையும் தாயையும் தகப்பனையும் பிள்ளையையும் சேர்த்தே கொல்கிறோம் என்கிறான். தகப்பன் துயுமத்சேனன் அதற்கு லேசில் மசியவில்லை. இரண்டும் நம்முடைய பேச்சுதான்.

முன்வினைக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பெற்றோர் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வீடும் வேலையும் ஒரே நாளில் போய், புறம்போக்குக் குடிசையில் வளர்ந்த பிள்ளைகளின் கதை இந்த ஜென்மத்திலேயே நடந்தது. அதைப் பார்க்கக் கண் கூசுகிறவர்கள்தான் போன ஜென்மத்துக்குப் போகிறார்கள்.

சரி, உங்கள் அண்ணனுக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பெரிய மாமா ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பணத்தில் கை வைத்தார். செய்தது உண்மை, கோர்ட்டில் ஒத்துக்கொண்டார். இரண்டு வருடம் கோலாலம்பூரின் புடு சிறையில் இருந்தார். அந்தச் சிறை 1996-இல் மூடப்பட்டது, 2010-இல் மதிலையும் இடித்தார்கள், இன்று அங்கே பெரிய மால் நிற்கிறது. பழைய வாசல் மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வாசலைப் பார்த்துக் கொஞ்சம் நிற்பேன்.

1974-இல் மாமா வெளியே வந்தார். எனக்கு எட்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பாட்டி அவரை வாசல் வழியாக விடவில்லை. பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, ஒரு வாளி தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துத் தலையோடு ஊற்றினாள். அவர் உடுத்தி வந்த சட்டையோடுதான் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் சட்டைக் காலரிலிருந்து வழிந்து சிமெண்டுத் தரையில் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. ‘முடிஞ்சது, எந்திரி, சாப்பிட வா’ என்றாள். அவ்வளவுதான்.

1979-இல் தாத்தா இறந்தார். மூத்த பிள்ளை என்பதால் மாமா விடிகாலையிலேயே மொட்டை போட்டுக்கொண்டு, குளித்து, ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் வைக்கத் தயாராக நின்றார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ‘ஜெயிலுக்குப் போன கை’ என்றார் ஒருவர். என் அப்பா மறுத்துப் பேசவில்லை. அவசர அவசரமாகச் சின்ன மாமாவுக்கு மொட்டை போட்டார்கள். மண்குடத்தைப் பெரிய மாமாவின் கையிலிருந்து வாங்கிச் சின்ன மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பதின்மூன்று வயது. குடத்தை விடும்போது மாமாவின் விரல்கள் ஒரு நொடி இறுகின, அப்புறம் விட்டுவிட்டார். பாட்டி பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கத்தினாள்: ‘அவன் மேலே நான் தண்ணி ஊத்திட்டேனேடா!’ யார் காதிலும் விழவில்லை. காரியத்தில் ஒரு வேலையும் இல்லாமல், மொட்டைத் தலையோடு மாமா சாக்கடை ஓரமாகச் சுடுகாடு வரை நடந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தனியாக பஸ் ஏறி மோரிப் கடற்கரைக்குப் போய் வருவார். யாரிடமும் சொல்லமாட்டார். வேட்டிக் கரையில் ஒட்டியிருக்கும் மணலைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம்.

சித்தப்பா சாஸ்திரம் பேசுகிறாரா? பேசட்டும். மனுஸ்மிருதி எட்டாம் அத்தியாயம், 318-ஆம் சுலோகம். பாவம் செய்தவர்கள் அரசனிடம் தண்டனை பெற்றபின் அழுக்கு நீங்கி, நல்லது செய்தவர்களைப் போலவே சொர்க்கம் போகிறார்கள் என்கிறது. சாதிக்கொரு தண்டனை எழுதிய அந்த நூலை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன் இல்லை. அந்த நூலே இதைச் சொல்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அதைவிட எனக்கு நெருக்கமானது சாந்தி பர்வத்தில் வரும் சங்கர், லிகிதர் கதை. பாகுதை நதிக்கரையில் இரண்டு அண்ணன் தம்பிகள். அண்ணன் சங்கர் இல்லாத நேரத்தில் அவர் ஆசிரமத்துப் பழங்களைத் தம்பி லிகிதர் பறித்துத் தின்றார். அண்ணன் வந்து, இது திருட்டு, ராஜாவிடம் போய்த் தண்டனை வாங்கிக்கொள் என்றார். சுத்யும்னன் என்ற ராஜா மன்னிக்கத்தான் பார்த்தான். லிகிதர் விடவில்லை. இரண்டு கைகளும் வெட்டப்பட்டன.

இங்கேதான் கவனமாகப் படியுங்கள். வெட்டுப்பட்டுத் திரும்பி வந்த தம்பியிடம் அண்ணன் பரிகாரம் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார வைக்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இல்லை, நதிக்குப் போய்த் தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் இறந்த முன்னோர்களான பிதுர்களுக்கும் தண்ணீர் விடு, இனி அதர்மத்தில் மனம் வைக்காதே என்றார். கையில்லாதவனிடம் தர்ப்பணம் செய்யச் சொன்னார்! லிகிதர் நதியில் இறங்கித் தண்ணீர் விடத் தொடங்கியபோது தாமரை போல இரண்டு கைகளும் முளைத்தன. முதலிலேயே நீங்களே என்னைச் சுத்தமாக்கியிருக்கலாமே என்று தம்பி கேட்டபோது அண்ணன் சொன்ன பதில்: உன்னைத் தண்டிப்பது என் வேலை இல்லை, ராஜாவும் சுத்தமானான், நீயும் உன் பிதுர்களோடு சேர்ந்து சுத்தமானாய்.

பிதுர்களோடு சேர்ந்து. அம்மா, உங்கள் அப்பாவும் அதில் அடக்கம். தண்டனை முடிந்து வந்த கை தர்ப்பணத்துக்கு ஆகாது என்கிறார் சித்தப்பா. கதையில் கை திரும்பி வந்ததே தர்ப்பணம் விடும்போதுதான். சிறை மூன்று வருடம் என்று நீதிபதி சொன்னார். நான்காவது வருடத்தைச் சேர்க்க உங்கள் சித்தப்பாவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சங்கரே எடுத்துக்கொள்ளாத அதிகாரம் அது.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ‘செய்துவிடலாமா’ என்று கேட்கிறீர்களே, மூவாயிரம் வெள்ளி கொடுத்து அண்ணன் இன்னும் அழுக்கு என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்தப் பணம் கையில் இருந்தால், மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்த ஆளைத் தேடிப் போங்கள். அவர் பஸ்ஸில் வேலைக்குப் போன மாதங்கள் எத்தனையோ. அண்ணனே நேரில் போய்க் கொடுக்கட்டும். வாங்க மறுத்தாலும் போய் நிற்கட்டும்.

திதி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். எள்ளும் தர்ப்பையும் நான் வாங்கி வருகிறேன். சித்தப்பா வராவிட்டால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணன் கையில் தண்ணீரை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள்.