கையில போஸ்ட் ரசீது மட்டும் தான் இருக்கு, என்ன செய்ய?

கேள்வி: நான் 4 வருஷமா இத்தாலியில தோரினோவுல வேலை பாக்குறேன். மனைவி திருச்சியில இருந்து ஃபேமிலி விசாவுல வந்து ஒரு மாசம் ஆச்சு. பெர்மெஸ்ஸோவுக்கு (இங்க தங்குற அனுமதி கார்டு) போஸ்ட் ஆபீஸ்ல கிட் (அப்ளிகேஷன் கவர்) குடுத்துட்டோம், கைரேகைக்கு மார்ச்ல தான் தேதி. கொமூனேவுல (நகராட்சி ஆபீஸ்) ரெசிதென்சா (இந்த அட்ரஸ்ல குடியிருக்காங்கன்னு பதிவு) கேட்டா "பெர்மெஸ்ஸோ கார்டு வரட்டும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்டு ஓனரும் இழுக்குறார். நம்ம ஆளு ஒருத்தர் 600 யூரோ குடுத்தா வேற அட்ரஸ்ல ரெசிதென்சா போட்டு கைரேகை தேதியும் முன்னாடி வாங்கித் தர்றேங்குறார். தை மாசம் கொழுந்தியாளுக்குக் கல்யாணம், இந்த ரசீதை வெச்சு ஊருக்குப் போயிட்டு வர முடியுமா?

பதில்:

தம்பி, முதல்ல அந்த 600 யூரோவை பாக்கெட்ல வைங்க. கல்யாணத்துக்குப் போகலாம், அது கடைசியா சொல்றேன்.

கைரேகை தேதியை முன்னாடி வாங்கித் தர்றேன்னு சொல்றது சுத்தப் பொய். அந்தத் தேதி போஸ்ட் ஆபீஸ்ல நீங்க கிட் குடுக்கும்போதே சிஸ்டம் அடிச்சுக் குடுத்தது, அதை இழுத்து முன்னாடி கொண்டு வர எந்த அண்ணனாலயும் முடியாது. இந்த ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா காசை வாங்கிட்டு சும்மா இருப்பாங்க, எப்பவாவது குவெஸ்தூராவே (பெர்மெஸ்ஸோ குடுக்கிற போலீஸ் ஆபீஸ்) தானா தேதி மாத்தி மெசேஜ் அனுப்பிச்சுன்னா "பாத்தியா நான் சொன்னேன்ல"ன்னு வந்து நிப்பாங்க, அனுப்பலைன்னா "மேல பேசிட்டு இருக்கேன்"னு மார்ச் வரைக்கும் ஓட்டுவாங்க. நிஜமாவே அவசரம்னா, ஆஸ்பத்திரி மாதிரி காரணம் இருந்தா, அதுக்கான பேப்பரோட குவெஸ்தூராவுக்கு நீங்களே மெயில் போடலாம். சட்டத்துல பெர்மெஸ்ஸோவை 60 நாள்ல குடுக்கணும்னு எழுதி இருக்கு, ஆனா கைரேகைக்கே மார்ச் வரைக்கும் காத்திருக்கச் சொல்றாங்க, இதைக் கேக்க நாதியில்ல. நாம 48 மணி நேரத்துல குடுக்க வேண்டிய ஓஸ்பித்தலித்தா பேப்பரை (இவங்க என் வீட்ல தங்குறாங்கன்னு போலீஸுக்குத் தெரிவிக்கிறது) லேட்டாக் குடுத்தா மட்டும் 160 யூரோவுல இருந்து 1,100 வரைக்கும் ஃபைன். (அதைக் குடுத்தீங்களா? இல்லைன்னா நாளைக்கே போய்க் குடுங்க, கேள்வியில அதைப் பத்தி ஒண்ணும் எழுதல.)

செலவுக் கணக்கையும் ஒரு தடவை பாத்துக்குங்க, கிட் ரொப்பிக் குடுக்கவே 300, 400ன்னு வாங்குறவங்க இருக்காங்க. மார்க்கா த போல்லோ (அரசாங்க ஸ்டாம்ப்) 16 யூரோ, போஸ்ட் ஆபீஸ் சர்வீஸ் 30, கார்டு அச்சடிக்க 30.46, அப்புறம் பெர்மெஸ்ஸோ ஒரு வருஷத்துக்குள்ளன்னா 40, ரெண்டு வருஷம் வரைன்னா 50. கூட்டினா 116.46 இல்லை 126.46, அவ்வளவு தான். கிட் கவரே இலவசம், அதை குவெஸ்தூரா வாசல்ல காசுக்கு விக்கிறவன் கிட்ட வாங்காதீங்க. ரொப்பத் தெரியலைன்னா பத்ரோனாத்தோவுக்கு (பேப்பர் வேலைக்கு உதவுற ஆபீஸ்) போனா அவங்களே ரொப்பித் தருவாங்க, அது அவங்க வேலை.

இப்ப ரெசிதென்சா. அடுத்தவன் அட்ரஸ்ல போட்டுத் தர்றதுங்கறது நம்ம ஆளுங்க நடுவுல ஒரு தொழிலாவே ஆயிடுச்சு, ரெண்டு ரூம் வீட்ல பத்து பேர் பேர் இருக்கும், ஒரு நாள் முனிசிபல் போலீஸ் வந்து பாத்துட்டு ஆளே இல்லைன்னு எழுதிட்டுப் போவான், மொத்தமா எல்லார் பேரையும் அடிச்சுடுவாங்க. பொய் டிக்ளரேஷன் குடுத்ததுக்குக் கேஸ் வேற, அது கையெழுத்துப் போட்ட உங்க மனைவி மேல வரும். அதை விடப் பெரிய பைத்தியக்காரத்தனம், புருஷனோட சேர்ந்து வாழத் தான் இந்த விசாவையே குடுத்திருக்கான், அந்தப் பொண்ணு வேற அட்ரஸ்ல இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்தா குவெஸ்தூராக்காரன் என்ன நினைப்பான்?

கொமூனே கவுன்ட்டர்ல சொன்னது பாதி சரி, பாதி தப்பு. இந்த இடத்தை நிதானமாப் படிங்க, உங்களுக்கு வேலைக்கு ஆகப்போறது இது தான். பொதுவா முதல் தடவை பெர்மெஸ்ஸோ கேட்டுட்டு ரசீதோட நிக்கிறவங்களை அனாகிராஃபேல (கொமூனேவோட குடியிருப்போர் பதிவேடு) சேக்க மாட்டாங்க, கார்டைக் கேப்பாங்க. ஆனா ஃபேமிலி விசாவுல, அதாவது ரிகொஞ்சுஞ்சிமெந்தோன்னு நீங்க இங்க இருந்து அப்ளை பண்ணிக் கூட்டிட்டு வந்தவங்களுக்கு இது பொருந்தாது. உள்துறை அமைச்சகம் 2007 ஆகஸ்ட் 2ஆம் தேதி 43ஆம் நம்பர் சர்க்குலர்ல தெளிவாச் சொல்லிடுச்சு: கார்டு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மூணு பேப்பர் இருந்தா சேத்துக்கணும். ஒண்ணு பாஸ்போர்ட்ல இருக்கிற விசா, ரெண்டு போஸ்ட் ஆபீஸ் ரசீது, மூணு ஸ்போர்த்தெல்லோ ஊனிகோ (குடியேற்ற ஆபீஸ்) உங்களுக்குக் குடுத்த நுல்லா ஒஸ்தாவோட (மனைவியைக் கூட்டிட்டு வர அனுமதிப் பேப்பர்) காப்பி, சாதா ஜெராக்ஸே போதும், அட்டெஸ்டேஷன் எல்லாம் வேண்டாம். அந்த நுல்லா ஒஸ்தாவை விசா வந்தவுடனே தூக்கி எங்கயோ போட்டுடுவாங்க எல்லாரும், நீங்க தேடி எடுங்க, பிரின்ட் இல்லைன்னா மெயில்ல பி.டி.எஃப் இருக்கும். இது டூரிஸ்ட் விசாவுல வந்துட்டு இங்கயே பெர்மெஸ்ஸோ போட்டவங்களுக்கு இல்ல, அவங்க கிட்ட நுல்லா ஒஸ்தாவே இருக்காது, அதனால பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு முடியலையேன்னு நீங்க பயப்பட வேண்டாம், நீங்க சொன்னீங்கன்னு அவங்க போய் நிக்கவும் வேண்டாம். சர்க்குலர் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிற ஆளுக்குத் தெரியல, அதுக்கு நாம பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போய் பாடம் எடுக்க வேண்டி இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க. சண்டை போடாதீங்க, பேப்பரை அவங்க பக்கம் திருப்பி வெச்சுட்டு நம்பரைக் காட்டுங்க. அப்பவும் முடியாதுன்னா "எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க, அந்த வார்த்தைக்கே பாதிப் பேர் இறங்கி வருவாங்க. இல்லையா, கவுன்ட்டருக்கே போகாம பெக் மெயில்லயோ (சட்டப்படி செல்லுற ஈமெயில்) ரெஜிஸ்டர் தபால்லயோ ஃபார்மை அனுப்பலாம், சட்டம் அனுமதிக்குது. ஃபார்ம் போய்ச் சேந்ததும் 2 வேலை நாள்ல பதிவு போடணும், அப்புறம் 45 நாளுக்குள்ள ஆளை அனுப்பிப் பாப்பாங்க, அதுக்குள்ள ஒண்ணும் சொல்லலைன்னா உறுதி ஆனதாக் கணக்கு.

ஏன் இதுக்கு இவ்வளவு அழுத்துறேன்னா, குடியுரிமைக்கு 10 வருஷம்னு எண்றது இந்த அனாகிராஃபே பதிவுல இருந்து தான். 2025 ஜூன்ல அதை 5 ஆக்கலாமான்னு ஓட்டெடுப்பு வெச்சாங்க, பாதிப் பேர் கூட ஓட்டுப் போட வராததால செல்லாமப் போச்சு. அதனால 10 தான். கார்டு வரட்டும்னு உக்காந்திருந்தா உங்க மனைவிக்கு அத்தனை மாசம் கணக்குல வராமப் போயிடும்.

ஓனர் விஷயத்துக்கு வர்றேன். நுல்லா ஒஸ்தாவுக்கு அப்ளை பண்ணப்ப அவர் கிட்ட எஸ் 2ன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி இருப்பீங்களே, அது உங்க குடும்பத்தை இந்த வீட்ல தங்க வைக்க எனக்குச் சம்மதம்னு எழுதின பேப்பர். அன்னைக்கு சம்மதம்னு எழுதினவர் இன்னைக்கு என்ன இழுக்குறது? அதோட உங்க பேர்ல பதிவு பண்ணின வாடகைக் கான்ட்ராக்ட் இருந்து நீங்களும் அங்கயே ரெசிதெந்தேவா இருந்தா, மனைவியைச் சேக்க அவர் தனியா அனுமதி குடுக்கணும்னே கிடையாது. பொதுவா ஓனருங்க பயப்படறது குப்பை வரி ஏறும்னு, தாரி தலைக்கணக்குல ஏறும் தான், ஆனா அதைக் கட்டறது வாடகைக்கு இருக்கிற நீங்க, அதைச் சொல்லிப் புரிய வைங்க. கான்ட்ராக்ட் பதிவே பண்ணாம வாடகையை கையில வாங்கிட்டு இருக்கிற ஓனர்னா அது வேற கதை, ஆனா நுல்லா ஒஸ்தா வாங்கின நீங்க அப்படி இருக்க வாய்ப்பில்ல.

இப்ப யாரும் சொல்லாத ஒண்ணு. வாசல் பெல் பலகையில உங்க மனைவி பேர் இருக்கா? இங்க ஃபிளாட் நம்பர் பாத்து யாரும் வர மாட்டாங்க, சித்தோஃபோனோல இருக்கிற பேரைப் பாத்துத் தான் அமுக்குவாங்க. இத்தாலிக்காரங்க வீட்ல ஒரே குடும்பப் பேர் ஒட்டி இருக்கும், நமக்கு அப்படியா? உங்க பாஸ்போர்ட்ல உங்க அப்பா பேர் சர்நேம், அவங்க பாஸ்போர்ட்ல அவங்க அப்பா பேர். உங்க பேர் மட்டும் ஒட்டி இருந்தா வர்ற விஜிலே (முனிசிபல் போலீஸ்) அவங்க பேரைத் தேடிட்டு "காணோம்"னு எழுதிட்டுப் போயிடுவான். ரெண்டு பேரையும் பிரின்ட் எடுத்து பெல்லுலயும் தபால் பெட்டியிலயும் ஒட்டுங்க. அவன் சொல்லிட்டு வர மாட்டான், நீங்க ஷிஃப்ட்ல இருக்கும்போது வருவான், மனைவி மொழி தெரியாம பயந்துட்டு கதவைத் திறக்காம இருந்துடுவாங்க. கேட்டாங்கன்னா பேரைச் சொல்லி பாஸ்போர்ட்டைக் காட்டுனா போதும்னு இப்பவே சொல்லி வைங்க.

பேர்னு வந்ததால சொல்றேன், பெர்மெஸ்ஸோ வேலை முடியற வரைக்கும் பாஸ்போர்ட்ல பேரை மாத்தி விடாதீங்க. கல்யாணம் ஆச்சே, என் பேரைச் சர்நேமாப் போட்டு புது பாஸ்போர்ட் எடுத்துடலாம்னு சில பேர் நடுவுல கிளம்புறாங்க. இங்க கல்யாணம் ஆனாலும் ஆவணத்துல பொண்ணுங்க பொறந்த வீட்டுப் பேர்லயே தான் இருக்காங்க, யாரும் உங்களை மாத்தச் சொல்லல. கோதிச்சே ஃபிஸ்காலேல (வரி நம்பர்) இருக்கிற 16 எழுத்துல முதல் மூணு சர்நேம்ல இருந்து எடுக்கறது, பேர் மாறினா கோடே மாறும், அப்புறம் விசால ஒரு ஆளு, ரசீதுல ஒரு ஆளு, ஹெல்த் கார்டுல ஒரு ஆளு. (அவங்க கோடைப் பாத்து பிறந்த தேதி தப்பா இருக்கேன்னு பதறவும் வேண்டாம், பொம்பளைங்களுக்கு தேதியோட 40 கூட்டிப் போடுவான், 7ஆம் தேதின்னா 47ன்னு இருக்கும். கோடோட கடைசிக்குக் கிட்ட இசட் 222ன்னு வர்றது இந்தியா.)

ரசீதை வெச்சு வேலைக்குப் போகலாம், சட்டம் தடுக்கல. ஏ.எஸ்.எல்ல (அரசாங்க ஹெல்த் ஆபீஸ்) பேர் குடுத்து டாக்டர் எடுத்துக்கலாம், ஃபேமிலி பெர்மெஸ்ஸோவுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு அது இலவசம், தற்காலிகமாப் போட்டுக் குடுப்பாங்க. "கார்டு வரணும், அதுவரைக்கும் இன்சூரன்ஸ் எடு"ன்னு விக்க வர்றவனை நம்பாதீங்க. வீட்ல சும்மா உக்காரறதுக்குப் பதிலா சி.பி.ஐ.ஏல (பெரியவங்களுக்கான ஸ்கூல்) இத்தாலியன் கிளாஸுக்குப் போகச் சொல்லுங்க, அரசாங்கம் நடத்துறது, செலவு பெருசா ஆகாது.

கல்யாணத்துக்கு வருவோம். முதல் தடவை ஃபேமிலி பெர்மெஸ்ஸோவுக்குக் காத்திருக்கிறவங்க பாஸ்போர்ட், அதுல இருக்கிற விசா, ஒரிஜினல் ரசீது மூணையும் வெச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வரலாம். ஆனா இத்தாலியில இருந்து நேரா ஷெங்கனுக்கு (ஒரே விசாவுல போய் வர்ற ஐரோப்பிய நாடுகள்) வெளிய போகணும், திரும்பும்போதும் வெளிய இருந்து நேரா இத்தாலிக்குள்ள வரணும், நடுவுல இன்னொரு ஷெங்கன் நாட்டைத் தொடக்கூடாது. தோரினோக்காரங்க மாட்டறதே இங்க தான், காசெல்லே ஏர்போர்ட் பக்கத்துல இருக்கேன்னு ஃபிராங்க்ஃபர்ட் வழியா டிக்கெட் போட்டுடுவாங்க, சென்னைக்கு ஒரே கனெக்‌ஷன்னு ஏஜென்ட்டும் தலையில கட்டிடுவார். ரசீதுங்கறது ஜெர்மனிக்காரனுக்கு வெறும் பேப்பர். மல்பென்சா (மிலானோ ஏர்போர்ட்) போய் துபாய், தோஹா, அபுதாபி வழியாப் போடுங்க. விசா ஸ்டிக்கர்ல எத்தனை தடவை நுழையலாம்ங்கற இடத்துல மல்ட்னு இருந்து முடிவு தேதியும் நீங்க திரும்பி வர்ற நாளைத் தாண்டி இருந்தா ஃபிராங்க்ஃபர்ட்டும் பரவாயில்ல தான், அதைப் படிச்சுப் பாத்துட்டு டிக்கெட் எடுங்க. சென்னையில செக்-இன் கவுன்ட்டர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு இத்தாலியன் ரசீது புரியாது, சீக்கிரமே போய் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்க, ரசீதை லக்கேஜ்ல போட்டுடாதீங்க.

மார்ச் தேதிக்கு ரெண்டு வாரமாவது முன்னாடி திரும்பி வர்ற மாதிரி ரிட்டர்ன் போடுங்க. கைரேகைக்குப் போகும்போது 4 பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேப்பாங்க, அதை ஊர்லயே எடுத்துட்டு வந்துடச் சொல்லுங்க, இங்க ஸ்டேஷன் மெஷின்ல எடுக்கிறதை விட சீப்பு.