லயத்து இருட்டுக்கு எந்த கமரா?

கேள்வி: அண்ணே, தேயிலைத் தோட்டத்துல ஒரு குறும்படம் எடுக்கப் போறோம். பிளக்மேஜிக் பொக்கெட் 4கேயா, சோனி எஃப்எக்ஸ்30யா, எதுல படம் நல்லா வரும்? – வாசகர், ஹட்டன்

பதில்: படம் மட்டும்னா தம்பி, என் ஓட்டு பிளக்மேஜிக்குக்குத்தான். 2018ல வந்ததுதான், ஆனா ரோ வீடியோவ (சென்சர் பிடிச்சத பெருசா மாத்தாம வைக்குற பதிவு) கமராவுக்குள்ளயே ரெக்கோட் பண்ணும், 400, 3200னு ரெண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ (கமரா இயல்பாவே வெளிச்சத்த உணருற அளவு), அதனால லயத்துக் காம்பராவுல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில, ஒத்த பல்ப் வெளிச்சத்துலயும் சமாளிக்கலாம், அப்புறம் டாவின்சி ரிசோல்வ்ங்குற எடிட்டிங் மென்பொருள்ல கலர நல்லா இழுத்து எடுக்கலாம், அதோட காசு கட்டி வாங்குற ஸ்டூடியோ வெர்ஷனும் கமரா கூடவே வருது. எஸ்எஸ்டிய (வெளிய மாட்டுற சேமிப்பு டிரைவ்) யூஎஸ்பி வயர்ல குத்தினா நேரா அதுலயே பதியும், மெமரி காட் செலவு மிச்சம்.

ஆனா கைல தூக்கிட்டு மலைல கொழுந்து எடுக்குற அக்காமார் பின்னால ஓடணும்னா அது கஷ்டம்! உள்ளுக்க ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த அடக்குறது) இல்ல, ஆளு நகர நகர ஓட்டோ ஃபோகஸும் வராது, பட்டறி ஒரு மணித்தியாலம் தாங்கினா பெரிய விஷயம், நம்ம ஊரு தூறலத் தாங்குற மாதிரியும் செய்யல. 2022ல வந்த சோனி எஃப்எக்ஸ்30ல ஓட்டோ ஃபோகஸும் ஸ்டெபிலைசேஷனும் இருக்கு, பிறகு கலர் மாத்த வசதியான 10 பிட் எஸ்-லொக்3 பதிவும் தாராளமா போதும், ரோ வேணும்னாத்தான் வெளி ரெக்கோடர் மாட்டணும்.

தனியாளா எடுக்குறீங்கன்னா சோனி. ஃபோகஸ் பாக்க ஒருத்தர், ட்ரைபொட், நாலஞ்சு பட்டறி இருந்தா பிளக்மேஜிக். எதுன்னாலும் குடை பிடிக்க ஒரு ஆள வச்சுக்கங்க.