அப்பா வேண்டாம் என்று எழுதிய வென்டிலேட்டர்

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவர்கள். தொண்டைப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிய நிலையில் என் தந்தை கோவையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். பேச்சு நின்றுவிட்டது, நினைவு தெளிவாக இருக்கிறது. 'வென்டிலேட்டர் வைக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்று ஊரில் இருந்தபோதே நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, அயல்வீட்டார் இருவரின் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அது செல்லாது, அதன்படி நடந்தால் கொலை என்கிறார் அண்ணன். கேரளத்தில் எழுதியது தமிழ்நாட்டில் செல்லுமா?

பதில்: தங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது முத்திரைத்தாள் அல்ல, 'நினைவு தெளிவாக இருக்கிறது' என்ற வரிதான். நினைவோடு இருக்கும் நோயாளி தனக்கு வேண்டாத சிகிச்சையைத் தானே மறுக்கலாம். அதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. பேச முடியாவிட்டால் என்ன, ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, மருத்துவர் முன்னிலையில் அவரையே எழுதச் சொல்லி, அதை மருத்துவக் குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

நினைவு தப்பிய பிறகுதான் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலுக்கு, அதாவது எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் பத்திரத்துக்கு, வேலை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில், கண்ணியத்தோடு இறக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறி இதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இது நாடு முழுவதற்கும் பொருந்துவதால் வாளையாறு எல்லை இதில் ஒரு தடையே அல்ல. முத்திரைத்தாள் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம்தான் வேண்டும். தங்கள் தந்தையின் தாளில் இல்லாதது அதுதான். இன்றே ஒரு நோட்டரியை வார்டுக்கு அழைத்துவந்து, சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதி வாங்குங்கள். அவர் சார்பில் முடிவெடுக்க வேண்டியவரின் பெயரும் அதில் இருக்கட்டும்.

பின்னர் அவர் நினைவிழந்தால், சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு ஐந்தாண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் இருவர் அடங்கிய முதல் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரோடு வேறு இரு நிபுணர்கள் அடங்கிய இரண்டாம் குழுவும், வென்டிலேட்டரைத் தவிர்க்கலாமா என்று கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் தத்தம் கருத்தைத் தெரிவிக்கும். மாஜிஸ்திரேட்டிடம் மருத்துவமனை தகவல் தெரிவித்தால் போதும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சான்றொப்பம் பெறுவதற்குள் நினைவு தப்பிவிட்டால், இதே குழுக்களோடு உறவினரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் தேவைப்படும். அப்போது அண்ணனின் மறுப்பு பெரிய சிக்கலாகிவிடும். நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

அண்ணனின் அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றமே. இங்கே நடப்பதோ நோய் தன் வழியில் போவதைக் கருவியால் தடுக்காமல் இருப்பது. வென்டிலேட்டர் இல்லை என்றால் சிகிச்சையே இல்லை என்று பொருளல்ல. வலிக்கு மார்ஃபின், மூச்சுத்திணறலுக்கு மருந்து, வறண்ட உதடுகளை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் கடைசி வரை தொடரும். வலியையும் அவதியையும் தணிக்கும் இந்தப் பராமரிப்புக்கு, அதாவது பாலியேட்டிவ் கேருக்கு, 2008 முதல் தனிக் கொள்கை வைத்திருக்கும் மாநிலம் கேரளம். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அவரிடம் பேசி, மருந்துச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தந்தை எழுதும்போது அண்ணனும் பக்கத்தில் இருக்கட்டும்.