ஃபாதர் சொல்வதெல்லாம் திருச்சபை சொல்வதா?

கேள்வி: திருவிழாத் தேர் வேறு தெரு வழியாகப் போகட்டும் என்று பங்குப் பேரவையில் பெரும்பாலோர் கேட்டோம். பங்குத்தந்தை மறுத்தார். ‘நான் சொல்வது திருச்சபை சொல்வது’ என்றார். இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? (கத்தோலிக்க வாசகர், ஏற்காடு)

பதில்: கிறிஸ்துவிடமிருந்து. விண்ணிலும் மண்ணிலும் எல்லா அதிகாரமும் தமக்குத் தரப்பட்டிருப்பதாகச் சொல்லித்தான் அவர் சீடர்களை அனுப்பினார் (மத்தேயு 28:18). திறவுகோல்களைப் பேதுருவிடம் கொடுத்ததை 16ஆம் அதிகாரத்திலும், கட்டவும் அவிழ்க்கவும் சீடர்கள் எல்லாருக்கும் அதிகாரம் கொடுத்ததை 18ஆம் அதிகாரத்திலும் வாசிக்கலாம். திருத்தந்தையும் அவரோடு ஒன்றித்த ஆயர்களும் அந்தப் பொறுப்பைத் தொடர்கிறார்கள் என்பது கத்தோலிக்கப் போதனை. அதற்கும் எல்லை உண்டு: திருச்சபையின் ஆசிரியப் பொறுப்பு, அதாவது போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதன் பணியாள் என்கிறது உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1965).

குழப்பம் தொடங்குவது, சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்கும்போதுதான். திருத்தந்தையே தவறா வரத்தோடு (பிழை நேராதபடி) வரையறுக்க வேண்டுமானால், எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பராகவும் ஆசிரியராகவும், விசுவாசம் அல்லது ஒழுக்கநெறி பற்றி, முழுத் திருச்சபையும் ஏற்கவேண்டியதாக அறிவிக்க வேண்டும். இது 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் வகுத்தது. மாதாவின் விண்ணேற்பை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் அப்படித்தான் அறிவித்தார். தேர் போகும் தெரு இதில் எதிலும் சேராது, அது நிர்வாகம்.

ஆனாலும் முடிவெடுக்கும் உரிமை பங்குத்தந்தைக்கு உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 536ஆம் பிரிவுப்படி பங்குப் பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லலாம். ஓட்டெடுப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் முடிவு செய்யலாம், அதை விசுவாசக் கோட்பாடு போலப் பேசக் கூடாது. உங்கள் கருத்தை மரியாதையோடு அவரிடம் சொல்வது உங்கள் உரிமை. சில வேளைகளில் கடமையும்கூட (பிரிவு 212). பேச்சோடு நிற்காமல் எழுத்தில் ஆணையே பிறப்பித்து, அதனால் உங்களுக்குப் பாதிப்பு என்றால், ஆணை கையில் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் சேலம் ஆயரிடம் முறையிடலாம். ஆயரே பிறப்பித்த ஆணை என்றால் வழி வேறு: முதலில் 10 நாளுக்குள் அவரிடமே திருத்தக் கோரி எழுதவேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே ரோமுக்கு எழுதுகிறார்கள், மனு அங்கேயே நின்றுவிடுகிறது.

கேள்வி: வேதமே இறுதி அதிகாரம் என்கிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்குப் பேராயர் எதற்கு? (சி.எஸ்.ஐ. வாசகர், சேலம்)

பதில்: 1827இல் சேலத்தில் பணி தொடங்கிய லண்டன் மிஷன், அதிகாரத்தை அந்தந்த சபையாரிடமே வைத்த மரபுக்காரர்களுடையது. ஆங்கிலிக்கன்களுக்குப் பேராயர் உண்டு, பிரஸ்பிட்டேரியன்களுக்கு மூப்பர் சங்கம். இந்த மரபுகள் 1947 செப்டம்பர் 27இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்து சி.எஸ்.ஐ. என்று ஒன்றானபோது, வேதாகமமே விசுவாசத்தின் உயர்ந்த அளவுகோல் என்று எழுதிக்கொண்டு, பேராயர் ஊழியத்தையும் ஏற்றார்கள். பேராயர் மேய்ப்பவர், குருமாரை அபிஷேகம் செய்பவர். புதிய கோட்பாட்டை அவராகச் சேர்க்க முடியாது. சபைச் சட்டத்தைத் திருத்துவது சினாட் என்னும் உச்சப் பேரவையின் வேலை.