ஆச்சிக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்

கேள்வி: எனக்கு 13 வயதில் ஒரு மகன், 10 வயதில் ஒரு மகள். லீவு விட்டால் மால், தீம் பார்க் என்று காசைக் கரைப்பதற்குப் பதில் பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டுமே என்று, சென்ற மாதம் திருநெல்வேலியிலிருந்து காரில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். அரை மணி நேரத்தில் மகன் “எல்லா ரூமும் ஒரே மாதிரி இருக்கு, போலாம்” என்று செல்போனை எடுத்துவிட்டான். மகள் பசிக்குது என்று சிணுங்கினாள். என் கணவர் போட்டோ எடுப்பதிலேயே இருந்தார். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். என் மாமியாரும் கூட வந்திருந்தார். வயது 76. பிறந்த ஊர் திருவட்டாறு. இடித்துப் பங்கு பிரிப்பதற்கு முன்னால் அவர்கள் வீடும் இதே மாதிரி மரவீடுதானாம். பார்த்ததையே பார்க்க என்ன இருக்கிறது என்று, எங்கள் செருப்புகளையும், காலை நாலு மணிக்கு எழுந்து அவரே கட்டிய புளியோதரைக் கூடையையும் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மியூசியம், பழைய வீடு, சரித்திரம் இதிலெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் வர என்ன செய்ய வேண்டும்?
வாசகி, திருநெல்வேலி

பதில்: கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தக் கேள்வி எனக்கு வர ஆரம்பித்துவிடும். ஊர்தான் மாறும். எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்து பையன் கேம் ஆடினான் என்பார் ஒருவர். திருமலை நாயக்கர் மகாலில் தூணை அண்ணாந்து பார்த்து முடிப்பதற்குள் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டது என்பார் இன்னொருவர். கீழடிக்குப் போனவர்கள், “பானை ஓட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று மகள் கேட்டதாக எழுதுவார்கள். எல்லோரும் கடைசியில் பழியைச் செல்போன் மேல் போட்டுவிட்டு, ஏதாவது வழி சொல்லுங்கள் என்பார்கள்.

நீங்களும் அதையேதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அது உங்கள் கண்ணில்தான் படவில்லை. செருப்புக்கும் சாப்பாட்டுக் கூடைக்கும் காவலாக வாசலில் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான் பதில்.

காரில் போனது ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்து, தவழ்ந்து, ஓடி விளையாடி வளர்ந்தவர் ஒரே ஒருவர். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத நாலு பேர் உள்ளே போய், ஒன்றும் புரியாமல் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் போரடித்ததில் என்ன ஆச்சரியம்?

“பார்த்ததையே பார்க்க என்ன இருக்கிறது” என்று சொன்னது யார்? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. நீங்கள் சொன்னது என்றால் பெரிய தவறு. அவரே சொன்னது என்றால், அவரை எப்படிக் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். டிக்கெட் கவுன்டரில் பர்ஸைத் திறந்துகொண்டே, “அத்தை, நீங்க வாரீயளா, இல்ல இங்கனயே இருக்கீயளா?” என்று கேட்டால் எந்த மாமியாரும் “நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்றுதான் சொல்வார். அந்த வயதுப் பெண்கள் அப்படியே பழகிவிட்டார்கள். தன்னால் வீட்டில் பத்து ரூபாய் கூடுதல் செலவு வந்துவிடக் கூடாது, தன்னால் யாருக்கும் தாமதம் ஆகிவிடக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு இஷ்டமில்லை என்று முடிவு கட்டிவிடுவது நமக்குச் சௌகரியம்.

முட்டுவலி, படி ஏற முடியாது என்றெல்லாம் சமாதானம் சொல்ல வராதீர்கள். அப்படி ஒரு வரியும் நீங்கள் எழுதவில்லை. நாலு மணிக்கு எழுந்து அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் புளியோதரை கிளறிய கால்கள்தானே அவை? செருப்புக்குக் காவலும் தேவையில்லை. கழற்றி வைக்க அங்கேயே இடம் இருக்கிறது.

இன்னொன்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பிறந்த வீட்டை இடித்துப் பங்கு பிரித்துவிட்டார்கள். அப்படியென்றால் அந்த வீட்டின் ஒரு தூணோ, ஒரு நிலைப்படியோ இன்று அவர் தொட்டுப் பார்க்க மிச்சமில்லை. பார்த்ததுதானே என்கிறீர்கள். பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? கல்யாணமாகித் தாமிரபரணிக் கரைக்கு வந்த பெண், தன் அப்பா வீட்டைப் போலவே இருக்கும் ஒரு இடத்தின் வாசல்வரை வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பியிருக்கிறார். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

அவர் உள்ளே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் தலைக்கு மேலே மரக்கூரையில் 90 விதமான பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே நிற்கும் ஊழியர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குக் கையைக் காட்டுவார். அவர் மேல் தப்பில்லை, பின்னால் கூட்டம் நெருக்கும். மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் முகம் தெரிகிற மாதிரி மின்னும் கறுப்புத் தரை. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்ட தரை என்பார்கள். உங்கள் மகன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு போனைப் பார்த்திருப்பான். பக்கத்தில் ஆச்சி இருந்திருந்தால் குனிந்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்த்திருப்பார். எங்க வீட்டுத் தரை இப்படி இல்லை என்றோ, இப்படித்தான் இருந்தது என்றோ ஆரம்பித்திருப்பார். அதை யார் துடைப்பார்கள், எண்ணெய் சிந்தினால் யாருக்கு அடி விழும், மழைக்காலத்தில் வழுக்கி விழுந்தது யார் என்று பேச்சு போயிருக்கும். பிள்ளைகளுக்குள் சரித்திரம் நுழைவது அந்த வழியில்தான்.

அங்கே ஊட்டுப்புரை இருக்கிறது. கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று 2,000 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து இலவசமாகச் சாப்பிட்ட இடம். அப்படி ஒரு இடம் இருக்கிற அரண்மனைக்குள் உங்கள் மகள் பசிக்குது என்று சிணுங்கியிருக்கிறாள். இத்தனை பேருக்கு எப்படிச் சோறு வடிப்பார்கள், ஊறுகாய் கெடாமல் இருக்கப் பரணியின் வாயை எப்படித் துணி கட்டி மூடுவார்கள், மாங்காய் எந்த மாதம் போடுவார்கள் என்று அவளுக்குச் சொல்ல, உங்கள் குடும்பத்தில் ஆச்சியை விட்டால் யார் இருக்கிறார்கள்? தகவல் பலகையில் இதெல்லாம் எழுதியிருக்காது. தெற்குக் கொட்டாரத்தில் (கொட்டாரம் என்றால் அரண்மனை) பழைய காலத்து வீட்டுப் புழங்குபொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை உங்கள் மாமியார் கையாலேயே புழங்கியிருப்பார்.

அரண்மனையிலேயே பழைய பகுதி தாய்க் கொட்டாரம். நடுவில் முற்றம் வைத்த நாலுகட்டு, ஒற்றைப் பலாமரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய தூண். அங்கே நின்றுகொண்டு உங்கள் மகனிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தால் போதும்: இந்த அரண்மனையிலிருந்து ஆண்ட திருவிதாங்கூர் வம்சத்தில் ராஜாவின் மகன் ராஜா ஆக முடியாது, சகோதரியின் மகனுக்குத்தான் பட்டம். 1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது முந்தைய ராஜாவின் மகன்கள் அவரை எதிர்த்து நின்றார்கள். இதைக் கேட்ட 13 வயதுப் பையன் “அப்புறம்?” என்று கேட்காமல் இருக்க மாட்டான். அப்புறம் நிறைய இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுப் படை அவரிடம் தோற்றது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். பக்கத்திலேயே இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையைப் பார்க்கலாம். போனீர்களா? ஒரு மணி நேரத்தில் திரும்பியவர்கள் எங்கே போயிருக்கப் போகிறீர்கள்!

76 வயது என்றால், 1956 நவம்பர் 1ஆம் தேதி உங்கள் மாமியார் பள்ளிக்கூடம் போகும் சிறுமி. அன்றைக்குத்தான் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகப் பக்கம் சேர்ந்தன. இருந்த ஊரில் இருந்தபடியே மாநிலம் மாறியதைப் பார்த்த தலைமுறை அவருடையது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இது ஏன் என்று பிள்ளைகள் கேட்டிருந்தால் உங்களில் யார் பதில் சொல்லியிருப்பீர்கள்? வகுப்பில் பாஷை மாறியதா, வீட்டில் பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், தெருவில் ஊர்வலம் போனதா என்று அவரிடம் இதுவரை யாராவது கேட்டதுண்டா? ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடப் போவார்கள். சின்ன வயதில் அவர் அதைப் பார்த்தாரா என்றாவது கேளுங்கள்.

உங்கள் கணவரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். எல்லாவற்றையும் மருமகள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. பெற்ற மகன் கையைப் பிடித்து “வாம்மா” என்று கூப்பிட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். நாள் முழுக்கப் போட்டோ எடுத்தாராமே, அதில் அவருடைய அம்மா இருக்கும் படம் எத்தனை?

வேளாவேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குடும்பமாக ஓர் இடத்துக்குப் போனால் பெரியவர் முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் அவர் நடைக்கு நடக்க வேண்டும். பிள்ளைகள் அன்று எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். கற்றுக்கொண்டார்கள் அம்மா. வயதானவர்களுக்கு இடம் செருப்புக்குப் பக்கத்தில் என்று கற்றுக்கொண்டார்கள். அதை அவர்கள் மனதிலிருந்து எடுப்பதுதான் இப்போது உங்களுக்கு முதல் வேலை. மியூசியத்தில் ஆர்வம் அப்புறம் தானாக வரும்.

சரி, மறுபடியும் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு வாரம் சாயங்காலங்களில் பிள்ளைகளை ஆச்சி பக்கத்தில் உட்கார வையுங்கள். திருவட்டாறு வீட்டை அவர் சொல்லச் சொல்ல மகள் ஒரு தாளில் வரையட்டும். கிணறு எந்த மூலை, நெல்லுப் பத்தாயம் எங்கே, மழைத்தண்ணீர் முற்றத்திலிருந்து எந்தப் பக்கமாக வெளியே போகும், பிரசவம் எந்த அறையில், அவர் எங்கே படுத்துத் தூங்கினார். அளவு தப்பாக இருந்தால் இருக்கட்டும், திருத்த வேண்டாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போங்கள். இதில் இருப்பது அங்கே எங்கெங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் தேடட்டும், சந்தேகம் வந்தால் ஆச்சியைக் கேட்கட்டும். எல்லா அறையையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். நாலு இடம் போதும். படிகள் செங்குத்து, குறுகல். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துணைக்கு ஏறுங்கள். அவரால் முடியவில்லை என்றால் கீழே அவரோடு யாராவது ஒருவர் மாற்றி மாற்றி இருங்கள். மகனிடமிருந்து போனைப் பிடுங்க வேண்டாம். ஆச்சி பேசுவதைப் பதிவு செய்வது அவன் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். திரும்பும்போது திருவட்டாறு போய், வீடு இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். வேறு யார் கையில் அந்த மனை இருந்தாலும் பரவாயில்லை, தெருவில் நின்று காட்டலாம்.

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போனாலும், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டுக்குப் போனாலும் இதே மாதிரிதான் செய்ய வேண்டும்.

அவரிடம் போய் மன்னிப்பு கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்குச் சங்கடமாக இருக்கும். “அத்தை, அந்தக் கொட்டாரத்துக்கு மறுபடியும் போறோம், நீங்கதான் பிள்ளைகளுக்குக் காட்டணும்” என்று மட்டும் சொல்லுங்கள். புளியோதரையை இந்த முறை உங்கள் கணவர் கிளறட்டும். மதியம் கொஞ்ச நேரம் மூடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.